பிடித்தவர் பெயரில் எறிக

கல்கத்தாவில் கிடர்பூர் துறைமுகத்துக்குப் போகும் சாலையில், லாரிகள் வரிசைகட்டி நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும் இடத்துக்கு எதிரே, கீழைத் துறைமுகச் சரக்கு விடுவிப்பு ஆணையம் இருக்கிறது. கீழே கிடங்கு, அதற்கு மேல் நான்கு மாடி. கப்பலில் வந்திறங்கும் சரக்கை எடைபோட்டு உரியவரிடம் விடுவிப்பது ஆணையத்தின் வேலை என்று வாசல் பலகையில் மூன்று மொழிகளில் எழுதியிருக்கும். பலகை எழுதியவர் வெளியாள், பாவம். உள்ளே இருப்பவர்களுக்கு அதைவிட முக்கியமான வேலைகள் உண்டு.

நந்திதா அங்கே ஒப்பந்தப் புரோகிராமராகச் சேர்ந்து ஒரு மழைக்காலம் முடிந்திருந்தது. டாக்குரியாவில் பிறந்து வளர்ந்தவள். சண்டை போடுவது வங்காளத்தில், சாப்பிடுவது தமிழில், புரோகிராம் எழுதுவது ஆங்கிலத்தில். ஆணையத்தின் சரக்கு விடுவிப்பு மென்பொருளைப் பராமரிக்க அவளை எடுத்திருந்தார்கள். அந்த மென்பொருளுக்கு ‘முக்தி’ என்று பெயர். பொருத்தமான பெயர்தான். அவ்வளவு சீக்கிரம் யாருக்கும் கிடைத்துவிடாது.

சேர்ந்த அன்றைக்கே இணை இயக்குநர் முத்துகிருஷ்ணன் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். மதுரைக்காரர். பிழைகள் பிரிவுக்குப் பொறுப்பு. தமிழ் பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் மதியம்வரை பேசினார்.

“பிழைங்கிறது எல்லா இடத்துலயும் வரும்மா. வரட்டும். அதைப் பிடிக்கிறதுக்குத்தான் மாடிக்கு மாடி ஆள் வச்சிருக்கோம். ஆனா பிடிச்சவன் அதைக் கையில வச்சுக்கிட்டு நிக்கக் கூடாது. உடனே மேல எறிஞ்சிரணும். அதுவும் கீழ இருந்து வந்தபடியே எறிஞ்சா மரியாதை இல்ல. நம்ம மாடிக்குன்னு ஒரு கௌரவம் இருக்குல்ல? நம்ம வார்த்தையில, நம்ம பேர்ல புதுப் பிழையாச் செஞ்சு எறியணும்.”

“அப்ப பழைய பிழை என்னாகும் சார்?”

“அது எதுக்கு? அழிச்சிரணும். இத்தனை வருஷமா இந்த ஸீட்ல உக்காந்திருக்கேன், ஒரு பிழைகூட என்மேல தங்கினதில்ல. டெல்லியில இருந்து வந்து பாத்துட்டுப் பாராட்டிட்டுப் போயிருக்காங்க.”

அவர் தலைக்கு மேல் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்தது: ‘பிடித்தவர் பெயரில் எறிக.’

நந்திதா கல்லூரியில் படித்தது வேறு. புரோகிராம் ஓடும்போது எங்காவது தட்டினால் அந்த இடம் ஒரு பிழையை மேலே எறியும். மேலே இருப்பது பிடிக்கும். சரிசெய்ய முடிந்தால் அங்கேயே சரிசெய்யும், முடியாவிட்டால் இன்னும் மேலே எறியும். அப்படி எறியும்போது முதலில் வந்த பிழையைப் பத்திரமாக உள்ளே வைத்து எறிய வேண்டும். இல்லாவிட்டால் உச்சியில் இருப்பவருக்கு ஏதோ உடைந்தது என்று மட்டும் தெரியும். எது, எங்கே என்று தெரியாது. இரண்டாம் வருஷத்துப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த விஷயம் இது.

முக்தியைத் திறந்து பார்த்தபோது அவளுக்குத் தலை சுற்றியது. அது அந்தக் கட்டடத்தையே அப்படியே எழுதி வைத்த மாதிரி இருந்தது. கிடங்கில் ஏதாவது தட்டினால், முதல் மாடி அதைப் பிடித்து ‘கீழ்மட்டத்தில் பௌதிக அசௌகரியம்’ என்று எறியும். இரண்டாம் மாடி அதைப் பிடித்து ‘செயல்பாட்டுச் சூழல் கவனிக்கப்பட்டது’ என்று எறியும். மூன்றாம் மாடி ‘சூழல்கள் சூழல்களாகவே உள்ளன’ என்று எறியும். நான்காம் மாடியில் அது பொதுமக்களுக்கான செய்தியாகும்: ‘ஏதோ நேர்ந்துள்ளது. பொறுத்தருள்க.’ சேர்மனுக்குப் போகும் திரையில் அதற்கும் மேல் ஒரு பூச்சு: ‘நலம்.’

இதெல்லாம் அவளுக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது, தன் அப்பாவின் கைப்பேசிக்கு அந்தச் செய்தி வரும்வரை.

வைத்தீஸ்வரனுக்குக் கரியாஹாட்டில் கடை. அப்பளம், காப்பிப் பொடி, முறுக்கு எல்லாம் முன்னால். பின்னறையில்தான் உண்மையான வியாபாரம்: கப்பலில் வரும் பால் பெருங்காயத்தை வாங்கி, மாவும் கோந்தும் சேர்த்துத் தன் கையால் பிசைந்து விற்பார். தெற்குக் கல்கத்தாவில் ஹிங்கேர் கொச்சூரி, அதாவது பெருங்காயம் போட்ட உளுந்துக் கச்சோரி, போடுகிற கடைகள் பாதி அவரிடம்தான் வாங்கின. மகாலயா அன்று விடிகாலையில் ஊரே கொச்சூரிக் கடை வாசலில் நிற்கும். அதிலிருந்து துர்கா பூஜை முடியும்வரை கடைக்காரர்களுக்கு நிமிர நேரம் இருக்காது. அந்த வருஷத்துப் பெருங்காய மூட்டைகள் கப்பலைவிட்டு இறங்கி, மகளின் ஆபீஸ் கிடங்கிலேயே உட்கார்ந்திருந்தன.

“ஏன்டி நந்திதா, உங்காபீஸ்ல ஏதோ நேர்ந்துடுத்தாமே. என்ன நேர்ந்துது?” என்று கேட்டார் வைத்தீஸ்வரன்.

“தெரியலப்பா.”

“நீதானே அங்க பிழையெல்லாம் பாக்கறே?”

“பாக்கறேம்ப்பா. ஆனா எங்கிட்ட வரச்சே அது பிழை மாதிரியே இருக்கறதில்ல.”

அம்மா ஜலஜா தோசையைத் திருப்பிக்கொண்டே, “மகாலயாக்குள்ள வரலேன்னா கடைக்காராள்லாம் படாபஜார்ல வாங்கிப்பா. ஒருதரம் கை மாறினா அப்பறம் திரும்பி வரமாட்டா. அதை உங்க சார்கிட்டச் சொல்லு” என்றாள்.

சொல்லாமல் இருப்பாளா? மறுநாள் முதல் வேலையாகக் கிடங்குக்குப் போன் செய்தாள். கிடங்குக்குள் போக மாடிக்காரர்களுக்கு அனுமதி கிடையாது, போன்தான் செய்யலாம். ஹரிபதோ என்கிற கிடங்குப் பொறுப்பாளர் எடுத்தார். நல்ல மனிதர். அவர் வங்காளத்தில் சொன்னதன் சாரம் இது: “தெரியும், பிழை வந்தது. உடனே மேலே எறிந்துவிட்டோம் தீதி. எறிந்ததைப் பற்றி எறிந்தவர் பேசக் கூடாது என்று விதி. இப்போது அது நான்காம் மாடியில் இருக்கும். அங்கே கேளுங்கள்.”

“நான்தான் நான்காம் மாடி, தாதா.” அவர் அக்கா என்றதற்கு இவள் அண்ணா.

“அப்படியானால் உங்களுக்கு எங்களைவிட நன்றாகத் தெரிந்திருக்குமே” என்று மரியாதையாகச் சொல்லி வைத்துவிட்டார்.

நந்திதா முத்துகிருஷ்ணனிடம் போய் மன்றாடினாள். பழைய பிழையை அழிக்க வேண்டாம், ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து அனுப்பலாம், உச்சியில் பிரித்துப் பார்த்தால் அடியில் இருப்பது தெரிந்துவிடும் என்றாள். அப்பாவின் சரக்கு என்றும் மறைக்காமல் சொன்னாள். அவர் கண்ணை மூடி யோசித்தார். ஒன்றுக்குள் ஒன்று என்பது அவருக்குப் பிடித்திருந்தது. கனமாக இருக்கும் என்றார். ஒரு குழு போட்டார்.

குழு கூடி அனுமதி கொடுத்தது. ஒரே ஒரு நிபந்தனை: ஒவ்வொரு மாடியும் தன் பிழைக்கு முத்திரை வைக்கும், முத்திரை வைத்த மாடிதான் அதைப் பிரிக்கலாம். இரண்டாம் மாடியின் தத்தா பாபு இதற்காக எழுந்து நின்று பேசினார். “ஒரு மாடியின் பிழையை இன்னொரு மாடி பிரித்துப் பார்ப்பது, பக்கத்து வீட்டுச் சமையலறையில் போய் மூடியைத் திறப்பது போன்றது. நாங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. அப்படிச் செய்திருந்தால் அதை நாங்களேதான் பார்ப்போம்.” எல்லோரும் கை தட்டினார்கள். நந்திதாவும் தட்டினாள், பழக்கதோஷம்.

புது ஏற்பாட்டில் அப்பாவின் பிழை அடுக்கடுக்காக மேலே வந்து சேர்ந்தது. நான்காம் மாடி தன் முத்திரையைப் பிரித்தது. உள்ளே மூன்றாம் மாடியின் முத்திரை. பிரிக்கச் சொல்லிக் கீழே அனுப்பினார்கள். மூன்றாம் மாடியில் பிரிக்க வேண்டியவர் விடுப்பில் இருந்தார். ‘பிரிக்க இயலவில்லை’ என்று ஒரு புதுப் பிழை உண்டாயிற்று. அதை அவர்கள் விதிப்படி மேலே எறிந்தார்கள். நான்காம் மாடி பிடித்தது, முத்திரை வைத்தது. சாயங்காலத்துக்குள் பெருங்காயத்தைச் சுற்றி முன்பைவிட இரண்டு மடங்கு பிழைகள் இருந்தன. முத்துகிருஷ்ணன் திரையைப் பார்த்து, “என்ன ஒரு ஆழம்!” என்றார்.

நந்திதாவுக்கு அழுகை வந்தது. கழிப்பறைக்குப் போய்க் கொஞ்சம் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்தாள். மகாலயாவுக்கு நாள் நெருங்கிவிட்டது.  

இதற்கிடையில் கிடங்கில் யாரோ மாதிரி எடுப்பதற்காக ஒரு மூட்டையைப் பிரித்துவிட்டுக் கட்டாமல் போயிருந்தார்கள். கட்டடத்தின் குளிர்சாதனக் குழாய் காற்றை இழுப்பது கிடங்கின் அந்த மூலையிலிருந்து. பால் பெருங்காயத்தை நேரில் முகர்ந்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை. முகராதவர்களிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். ஒரு சிட்டிகைக்கே குழம்பு மணக்கும். இங்கே ஒரு மூட்டை வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தது, அதுவும் புரட்டாசிப் புழுக்கத்தில்.

வாசனை முதலில் முதல் மாடிக்கு வந்தது. அவர்கள் விதி தெரிந்தவர்கள். உடனே ரோஜா வாசனை ஸ்ப்ரே அடித்து, ரோஜாவாக மேலே அனுப்பினார்கள். இரண்டாம் மாடிக்கு ரோஜாவும் அதற்கடியில் வேறொன்றும் வந்தது. தத்தா பாபு தூனோச் சட்டி என்கிற தூபக்காலில் சாம்பிராணி போடச் சொன்னார். மூன்றாம் மாடியில் அந்தப் புகை போதாதென்று பினாயில் ஊற்றிக் கழுவினார்கள். இப்படியாக ஒவ்வொரு மாடியும் பிடித்து, தன் வாசனையில் பொதிந்து, மேலே எறிந்துவிட்டுக் கடமையை முடித்த திருப்தியோடு வேலையைப் பார்த்தது.

ஆனால் குழாய் வழியாகப் போவதை அழிக்க ஆணையத்திடம் வழியில்லை. சுற்றலாம், அவ்வளவுதான். நான்காம் மாடியில் தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்த நந்திதாவுக்கு முதலில் பினாயில் வந்தது. அதற்குள் சாம்பிராணி, அதற்குள் ரோஜா. அதற்கும் உள்ளே, அடி ஆழத்தில், கொஞ்சமும் அழியாமல், கரியாஹாட் கடையின் பின்னறை. அவள் கை விசைப்பலகை மேல் அப்படியே நின்றது. அவள் இத்தனை நாளாகக் கேட்டது இதைத்தான். புரோகிராமில் செய்ய விடவில்லை, காற்று செய்துவிட்டது.

நான்காம் மாடியின் கோடியில் சேர்மன் பட்டாச்சார்யா அறை. அவரை நேரில் பார்த்தவர்கள் குறைவு. சர்க்கரையும் கொழுப்பும் கூடிவிட்டதால் டாக்டர் அவருக்கு எல்லாவற்றையும் நிறுத்தி, வேகவைத்த பப்பாளிக்காயில் நிறுத்தியிருந்தார். அந்த டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, திரையில் ‘நலம்’ என்று எழுதியிருப்பதைச் சோகமாகப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் வாசனை உள்ளே நுழைந்தது.

அவர் மூக்கு நிமிர்ந்தது. “பினாயில்” என்றார். அறையில் யாரும் இல்லை. “தூனோ” என்றார். “கோலாப் ஜல்.” பிறகு எழுந்து நின்றுவிட்டார். “ஹிங்.”

ஆணையத்தின் வரலாற்றில் சேர்மன் மாடி இறங்கியது கிடையாது. வாசனையைப் பிடித்துக்கொண்டு அவர் படி இறங்கினார். மூன்றாம் மாடியில் எழுந்து நின்றார்கள். “இந்த வாசனை எங்கிருந்து?” என்றார். “எங்களுடையது பினாயில் மட்டும்தான் சார்.” இரண்டாம் மாடியில் தத்தா பாபு, “சாம்பிராணிக்கு முழுப் பொறுப்பு ஏற்கிறேன். அதற்கு உள்ளே இருப்பது எங்கள் கவனத்துக்கு வரவில்லை” என்றார். முதல் மாடி ரோஜாவை ஒப்புக்கொண்டது. எல்லோரும் அவர் பின்னாலேயே இறங்கினார்கள். முத்துகிருஷ்ணனும் போனார், கூடவே நந்திதாவும் போனாள். அனுமதி பற்றிக் கேட்க அன்று யாருக்கும் நினைவில்லை.

கிடங்கு மூலையில் மூட்டைகள் இருந்தன. சேர்மன் திறந்த மூட்டையின் அருகே போய்க் கண்ணை மூடி ஒருமுறை மூச்சிழுத்தார். சின்ன வயசுக்குப் போய்த் திரும்பி வந்தார் போலிருக்கிறது, கண் கலங்கியிருந்தது.

“இது ஏன் இங்கே கிடக்கிறது?”

ஹரிபதோ கை கட்டிக்கொண்டு, “எடை போடவில்லை சார்” என்றார்.

“ஏன்?”

“எடைமேடைக்குக் கரண்ட் இல்லை சார்.”

“கரண்ட் இல்லையா? ஃபேன் ஓடுகிறதே.”

“எடைமேடையின் பிளக்கைப் பிடுங்கியிருக்கிறோம் சார். அந்தப் பாயின்ட்டில் கெட்டில் இருக்கிறது.”

சேர்மன் திரும்பிப் பார்த்தார். சுவரோரமாக ஒரு மின்சாரக் கெட்டில் பொறுமையாகக் கொதித்துக்கொண்டிருந்தது.

“கெட்டிலைப் பிடுங்கினால் என்ன?”

“முதல் மாடிக்கு டீ போகாது சார். டீ போகவில்லை என்றால் அவர்கள் அதைப் பிழையாக மேலே எறிவார்கள். இதை நாங்கள் அன்றைக்கே சொன்னோம் சார். ‘எடைமேடைக்குக் கரண்ட் இல்லை, கெட்டில் காரணம்.’ இப்படியே எறிந்தோம்.”

எல்லோரும் கெட்டிலைப் பார்த்தார்கள். நந்திதாவுக்குச் சிரிப்பதா, ஹரிபதோவைக் கட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. சேர்மன் குனிந்து, தன் கையாலேயே கெட்டிலின் பிளக்கைப் பிடுங்கி எடைமேடையுடையதைச் செருகினார். சிவப்பு எண்கள் எரிந்தன. கைதட்டல் எழுந்தது. தத்தா பாபு போட்டோ எடுத்தார். அன்று மாலையே மூட்டைகள் வெளியேறின. வைத்தீஸ்வரன் ராவும் பகலும் பிசைந்தார். மகாலயா அன்று கரியாஹாட் தெருவெல்லாம் கொச்சூரி மணந்தது. ஒரு பொட்டலம் சேர்மன் வீட்டுக்கும் போனது என்கிறார்கள். டாக்டருக்கு அது தெரியாது.

கதை இங்கே முடிந்திருந்தால் அது ஆணையமாக இருந்திருக்காது.

பூஜை விடுமுறை கழிந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. பெருங்காயம் இருந்ததால்தான் பிழை சேர்மனை எட்டியது என்று குழு கண்டுபிடித்திருந்தது. ஆகவே இனி எல்லா முறையீடுகளோடும் ஒரு பொட்டலம் பெருங்காயம் இணைக்கப்பட வேண்டும். கெட்டிலைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. அது பழையபடி தன் பாயின்ட்டுக்கே திரும்பியிருந்தது.

கரியாஹாட் கடையில் கூட்டம் தாங்கவில்லை. இரும்பு இறக்கியவர்களும் பொம்மை இறக்கியவர்களும் வந்து பெருங்காயம் கேட்டார்கள். ஆணையத்தில் முதல் மாடி, பொட்டலத்தைப் பிரித்துத் தன் வீட்டுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டது. இரண்டாவது, மூன்றாவது மாடிகளும் அப்படியே. நான்காம் மாடிக்கு வெறும் காகிதம் வந்தது, அதன்மேல் சான்று எழுதியிருந்தது: ‘மணம் கீழ்த்தளங்களில் உணரப்பட்டது.’ முத்துகிருஷ்ணனுக்கு அந்த வாசகம் மிகவும் பிடித்துவிட்டது.

இந்தக் கூட்டத்துக்காக வைத்தீஸ்வரன் மறுபடி மூட்டைகள் வரவழைத்தார். அவை கிடங்குக்கு வந்த அன்று அவர் கைப்பேசி சிணுங்கியது. ‘ஏதோ நேர்ந்துள்ளது. பொறுத்தருள்க.’

நந்திதா இந்த முறை யாரிடமும் மன்றாடவில்லை. சாயங்காலம் கரியாஹாட் நடைபாதையில் ஒரு எக்ஸ்டென்ஷன் போர்டு வாங்கிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். மறுநாள் காலை நேரே கிடங்கு வாசலுக்குப் போனாள். காவலாளி அனுமதி கேட்டார். “டீ குடிக்க வந்தேன் தாதா” என்றாள். டீக்கு யார் வேண்டுமானாலும் போகலாம். உள்ளே போய்ப் போர்டைச் சுவரில் செருகி, ஒரு பக்கம் கெட்டிலும் ஒரு பக்கம் எடைமேடையுமாக மாட்டினாள். இரண்டும் வேலை செய்தன. ஹரிபதோ குனிந்து போர்டைப் பார்த்தார்.

“இதைச் செய்யலாம் என்று விதியில் இருக்கிறதா தீதி?” என்று கேட்டார்.

“கூடாது என்றும் இல்லை” என்றாள் வங்காளத்தில். அவர் முகம் மலர்ந்து, அவளுக்கு இஞ்சி தட்டி ஒரு டீ போட்டுக் கொடுத்தார்.

மூட்டைகள் மதியத்துக்குள் வெளியே போய்விட்டன. இரும்பும் பொம்மைகளும் பின்னாலேயே போயின. அந்த வாரம் முழுக்கக் கிடங்கிலிருந்து ஒன்றும் மேலே வரவில்லை. முதல் மாடி பிடிப்பதற்கு எதுவுமில்லாமல் டீ குடித்தது. தத்தா பாபு ஜன்னலோரம் நின்று லாரிகளைப் பார்த்தார். முத்துகிருஷ்ணன் வெளிறிப்போய் நந்திதாவிடம் ஓடி வந்தார்.

“என்னம்மா இது, ஒரு பிழைகூட வரல? கீழ என்னமோ பெருசா நடந்துபோச்சு போல. பிழை வரலேன்னா அதையும் பிழையாப் பிடிக்கிற மாதிரி உடனே எழுதும்மா. நம்ம மாடிக்கு ஆபத்தும்மா.”

அவள் எழுதிக் கொடுத்தாள். எழுதும்போது உதட்டைக் கடித்துக்கொண்டுதான் எழுதினாள். ‘கீழிருந்து பிழை வரவில்லை’ என்ற பிழை அந்த நிமிஷமே பிறந்தது. முதல் மாடி ஆவலோடு பிடித்தது. தன் பெயரில் எறிந்தது. இரண்டாவது பிடித்தது, மூன்றாவது பிடித்தது. கட்டடம் முழுக்க நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. முத்துகிருஷ்ணன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அவர் முகத்தில் ரத்தம் திரும்பிவிட்டது.

அன்று மாலை அவள் கடைக்குப் போனபோது வைத்தீஸ்வரன் பின்னறையில் முழங்கை வரை மாவோடு உட்கார்ந்திருந்தார். கைப்பேசி பக்கத்தில் சிணுங்கியது. ஒற்றை விரலால் தள்ளிப் படித்தவர் பயந்துபோய் நிமிர்ந்தார்.

“மறுபடியும் ஏதோ நேர்ந்திருக்காமேடி. பொறுத்துக்கச் சொல்றா. இப்ப என்னடி நேர்ந்துது?”

“ஒண்ணுமே நேரலைப்பா” என்றாள் நந்திதா. “அதைத்தான் சொல்றா.”